எஞ்சின் பிளாக்கை எவ்வளவு தூரம் போர் செய்யலாம்?

கேட்கப்பட்டது இது. பழைய அம்பாசடர், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். ஏற்கெனவே ஒருமுறை சிலிண்டர்களைக் குடைந்து பெரிதாக்கி (போர் செய்வது என்பது இதுதான், சிலிண்டர் ஓட்டைக்கும் போர் என்றுதான் பெயர்), 40 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டனில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நீலப் புகை வருகிறது, ஆயில் குறைகிறது, கம்ப்ரஷன் இறங்கிவிட்டது. ஒரு பட்டறையில் "60 தௌ வரை தாராளமாகப் போகலாம்" என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் "40-க்கு மேல் கை வைத்தால் பிளாக் போய்விடும், நாலுக்கும் ஸ்லீவ் போட்டுவிடுங்கள்" என்கிறார்கள். ஸ்லீவ் என்பது சிலிண்டருக்குள் இறுக்கி ஏற்றும் புது இரும்புக் குழாய். யார் சொல்வதைக் கேட்பது?

பிளாக்கை அளக்காமல் சொன்னால் இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். இத்தனை தௌ வரை பாதுகாப்பு என்று எல்லா பிளாக்குக்கும் பொருந்தும் எண் கிடையாது. ஒரே அச்சில், ஒரே வாரத்தில் வார்த்த இரண்டு பிளாக்குக்குக்கூட ஒரே எண் பொருந்தாமல் போகலாம். உங்கள் பிளாக்கின் நான்கு சிலிண்டர்களில் சுவர் எந்த இடத்தில் மிக மெல்லியதாக இருக்கிறதோ, அந்த ஒரே இடம்தான் எல்லையை முடிவு செய்கிறது. அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதைச் செய்யாமல் பிளாக்கைப் போரிங் மெஷினில் ஏற்ற விடாதீர்கள்.

முதலில் ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வோம், நிறைய பேர் இதில்தான் குழம்புகிறார்கள். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மி.மீ. ஓவர்சைஸ் என்று சொல்வது விட்டத்தில். சுவரிலிருந்து போவது அதில் பாதி. 60 தௌ என்றால் விட்டம் 1.52 மி.மீ. கூடுகிறது, ஒவ்வொரு பக்கச் சுவரும் 0.76 மி.மீ. இழக்கிறது. உங்கள் பிளாக் ஏற்கெனவே 40-இல் இருக்கிறது. 60-க்குப் போனால் புதிதாகச் சுவர் இழக்கப்போவது கால் மில்லிமீட்டர் மட்டும். கால் மில்லிமீட்டர் எடுத்ததால் ஒரு பிளாக் உடைகிறது என்றால், எடுப்பதற்கு முன்பே அது உடையும் நிலையில்தான் இருந்திருக்கிறது. அதனால் 40-ஆ 60-ஆ என்று வாதாடுவதைவிட, இப்போது சுவர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

சுவர் ஏன் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வெற்றிடம், அதாவது வாட்டர் ஜாக்கெட், மணலால் செய்த ஓர் உருவை (இதைக் கோர் என்பார்கள்) அச்சுக்குள் வைத்து இரும்பை ஊற்றுவதால் உண்டாவது. உருகிய இரும்பு மணலைவிடப் பல மடங்கு கனமானது. உள்ளே பாயும்போது கோரைத் தூக்கும், தள்ளும். கோர் ஒரு மில்லிமீட்டர் ஒரு பக்கம் நகர்ந்தால், சிலிண்டரின் ஒரு பக்கச் சுவர் அவ்வளவு தடிக்கும், எதிர்ப்பக்கம் அவ்வளவு மெலியும். பிறகு மெஷினில் ஓட்டை போடும்போது வரைபடத்தில் உள்ள மையத்தில்தான் போடுவார்கள், கோர் எங்கே நகர்ந்தது என்று மெஷினுக்குத் தெரியாது. பழைய வார்ப்புகளில் இது சாதாரணம். கேம் ஷாஃப்ட் ஓட்டை, கோர் பிளக் (ஜாக்கெட்டின் பக்க ஓட்டைகளை அடைக்கும் தகட்டு மூடி) ஓட்டை இவற்றைச் சுற்றியுள்ள வார்ப்பு வளையம் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து தெரிந்தால், உள்ளேயும் கோர் நகர்ந்திருக்கலாம் என்று சந்தேகப்படலாம். சந்தேகம்தான், நிரூபணம் இல்லை.

இரண்டாவது காரணம் துரு. இது நம் ஊர் வண்டிகளுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். கூலன்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் ஊற்றியே பல பத்தாண்டுகள் ஓடிய பிளாக்குகள் இவை. உப்புத் தண்ணீர் ஜாக்கெட் பக்கத்திலிருந்து சுவரை அரித்துக்கொண்டே வரும். போர் பக்கம் கண்ணாடி போல இருக்கும், பின்பக்கம் அம்மைத் தழும்பு விழுந்திருக்கும். கோர் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். பம்பிலிருந்து தூரமான கடைசி சிலிண்டரைச் சுற்றி, ஜாக்கெட்டின் அடியில், செந்நிறச் சேறு இறுகிக் கிடந்தால் அதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, பிளாக்கைக் காஸ்டிக் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்தபிறகுதான் அளக்க வேண்டும். சில பிளாக்குகளில் ஆலையில் உடைத்து எடுக்காமல் விட்ட கோர் மணலும் கம்பியும்கூட வரும்.

இனி அளக்கும் முறை. அல்ட்ராசோனிக் தடிமன் மானி என்று ஒரு கருவி இருக்கிறது. கப்பல் தட்டு, பாய்லர் குழாய், எண்ணெய்த் தொட்டி இவற்றைப் பரிசோதிப்பவர்களிடம் கட்டாயம் இருக்கும். பெரிய எஞ்சின் ரீகண்டிஷன் பட்டறைகள் சிலவற்றிலும் இருக்கும். சுவரில் ஜெல் தடவி சிறிய முனையை வைத்தால், ஒலி மறுபக்கம் போய்த் திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தடிமனைச் சொல்லும். இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. கருவியை வாங்கும்போது அது எஃகுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். எஃகில் ஒலி நொடிக்கு சுமார் 5,900 மீட்டர் போகிறது. சாதாரணச் சாம்பல் வார்ப்பிரும்பில் வேகம் கணிசமாகக் குறைவு, 4,500 என்ற அளவில் இருக்கும், அதுவும் வார்ப்புக்கு வார்ப்பு மாறும். எஃகு அமைப்பிலேயே விட்டு வார்ப்பிரும்பை அளந்தால், கருவி உண்மையைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூட்டிச் சொல்லும். 3 மி.மீ. சுவர் 3.9 என்று காட்டும். இந்தத் தவறு ஆபத்தான திசையில் போகிற தவறு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அதே பிளாக்கில் மைக்ரோமீட்டர் இரண்டு பக்கமும் எட்டும் ஏதாவது ஒரு வார்ப்பு விளிம்பை அளந்து, அந்த அளவைக் கருவி காட்டும்வரை வேகத்தை மாற்றி அமைத்த பிறகுதான் போருக்குள் முனையை வைக்க வேண்டும். உங்கள் முன்னால் இதைச் செய்யச் சொல்லுங்கள். "அதெல்லாம் செட் பண்ணிதான் இருக்கு" என்றால் விட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களில், முன், பின், இடம், வலம் என நான்கு திசைகளில் அளந்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டருக்கு 48 எண்கள். எங்காவது சந்தேகமாக ஒரு எண் வந்தால், அதைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒரு அளவு எடுக்க வேண்டும். துரு அரித்த சுவரில் ஒலி சிதறும், எண் நிலைக்காமல் குதிக்கும். அப்படிக் குதிக்கிற இடத்தில் உண்மையான தடிமன் காட்டும் எண்ணைவிடக் குறைவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தின் அடி எவ்வளவு ஆழம் என்று கருவியால் சரியாகச் சொல்ல முடியாது.

நான்கு திசைகளும் சமமில்லை. எரிவாயு, அதாவது சிலிண்டருக்குள் எரிந்து விரியும் வாயு, பிஸ்டனைக் கீழே தள்ளும்போது கனெக்டிங் ராடு சாய்ந்திருக்கும். அதனால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் அழுந்தும். எஞ்சினின் முன்னால் நின்று பார்க்கும்போது கிராங்க் கடிகாரத் திசையில் சுற்றினால், அந்த அழுத்தம் உங்களுக்கு இடப்பக்கச் சுவரில் விழும். இதைத்தான் திரஸ்ட் சைடு என்கிறோம். மற்ற பக்கங்கள் கொஞ்சம் மெலிந்தாலும் சமாளிக்கலாம், இந்தப் பக்கம் மெலிந்தால் சமாளிக்க முடியாது. சாதாரணமாக ஓடும் பெட்ரோல் எஞ்சினுக்கு, போர் செய்து ஹோனிங் (கல்லால் தேய்த்துப் பரப்பைச் சீராக்குவது) முடிந்தபிறகு திரஸ்ட் பக்கத்தில் குறைந்தது 3 மி.மீ., மற்ற பக்கங்களில் 2.5 மி.மீ. மிஞ்ச வேண்டும் என்பது தொழிலில் வழக்கமாக வைத்துக்கொள்ளும் அளவு. பந்தய எஞ்சின் கட்டுகிறவர்கள் திரஸ்ட் பக்கத்தில் 5 மி.மீ. வரை கேட்பார்கள். அம்பாசடருக்கு 3 போதும் என்பது என் கருத்தும். அதற்குக் கீழே 2.8 வருகிறது, 2.7 வருகிறது என்று பேரம் பேசிக்கொண்டு போகாதீர்கள்.

3 மி.மீ. எதற்காக என்று கேட்கலாம். உடைந்துவிடாமல் இருக்கவா? கணக்குப் போட்டுப் பார்த்தால் அதற்காக இல்லை. எரிவாயு அழுத்தம் 50 பார், போர் ஆரம் 37 மி.மீ., சுவர் 3 மி.மீ. என்றால், சுவரில் வரும் இழுவிசை சதுர மில்லிமீட்டருக்கு 62 நியூட்டன் அளவு. சாதாரண வார்ப்பிரும்பு 200 வரை தாங்கும். 2 மி.மீ. ஆனாலும் 93 தான். அப்படியிருந்தும் 2 மி.மீ. சுவர் ஏன் வேலைக்கு ஆகாது என்றால், முதல் பிரச்சினை விறைப்பு. சுவரின் ஒரு பகுதி பக்கவாட்டில் வளையாமல் நிற்கும் திறன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 4 மி.மீ. சுவர் 3 ஆனால் அந்தத் திறன் 42 சதவீதமாக இறங்குகிறது. 2 ஆனால் எட்டில் ஒரு பங்கு. பிஸ்டன் அழுத்தும் ஒவ்வொரு முறையும் சுவர் நுண்ணிய அளவில் பின்வாங்கும், ரிங் அதைப் பின்தொடர முடியாது, எரிவாயு கீழே கிராங்க் கேஸுக்குள் கசியும், ஆயில் மேலே ஏறும். ஆக, பிளாக் உடைவதற்கு ரொம்ப முன்னாலேயே, எதற்காக ரீபோர் செய்தீர்களோ அந்தப் புகை திரும்ப வந்துவிடும். புது பிஸ்டன், புது ரிங், நல்ல ஹோனிங், ஆனாலும் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஆயில் குடிக்கிறது என்று வரும் வண்டிகளில் மெல்லிய சுவரையும் சந்தேகிக்க வேண்டும்.

விரிசல் அடுத்தது. துருப் பள்ளத்தின் அடியில் தொடங்கும் விரிசல் எஞ்சின் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் நீளும். ஒருநாள் தண்ணீர் போருக்குள் வரும். கார் நின்றிருக்கும்போது நிரம்பி, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடே வளையும்.

"அதிகமாகப் போர் செய்தால் எஞ்சின் சூடாகும்" என்று எல்லாரும் சொல்வதில் பாதிதான் உண்மை. மெல்லிய சுவர் வெப்பத்தைத் தண்ணீருக்கு இன்னும் சீக்கிரமாகவே கடத்தும். சூடாவது வளைகிற சுவரால் ரிங்கைத் தாண்டிக் கசியும் எரிவாயுவாலும், போர் உருமாறி பிஸ்டன் உரசுவதாலும். ரீபோர் செய்தபிறகு சூடாகிறது என்று வரும் வண்டிகளில் ரேடியேட்டரையும் ஜாக்கெட் சேற்றையும்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அம்பாசடரில் இருப்பது பிரிட்டனின் பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் எஞ்சின். அதன் வரலாற்றைக் காட்டி "கம்பெனியே இன்னும் பெரிதாகப் போர் செய்திருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், செய்திருக்கிறது. இந்தக் குடும்பம் 1947-இல் ஆஸ்டின் ஏ40-இல் 1200 சி.சி.யாகத் தொடங்கியது, போர் 65.48 மி.மீ. 1950-களில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும், அதன் வழியாக நம் அம்பாசடரிலும் வந்த 1489-க்கு 73.025 மி.மீ. எம்.ஜி.ஏ. காரில் அது 1588 ஆகி, பின்பு 76.2 மி.மீ. போருடன் 1622 ஆனது. 1962-இல் எம்.ஜி.பி.க்காக 80.26 மி.மீ., 1798 சி.சி. இத்தனைக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) அதே 88.9 மி.மீ., மாறவே இல்லை. 1489-க்கும் 1622-க்கும் போரில் வித்தியாசம் 125 தௌ. அதைப் பார்த்து நம் பிளாக்கிலும் 125 எடுக்கலாம் என்று நினைப்பது தவறு. ஆலைக்கு ஒரு வசதி உண்டு: மணல் கோரையே மாற்றி வேறு வடிவில் வார்த்துக்கொள்ளலாம். 1798-க்கு அப்படித்தான் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்களை இடையில் தண்ணீர் இல்லாமல் ஒட்டவைத்து வார்த்தார்கள். உங்கள் கையில் இருப்பது 73 மி.மீ. போருக்காக வார்க்கப்பட்ட இரும்பு. பி.எம்.சி. பட்டறைக் கையேடுகள் 1489-க்கு 10, 20, 30, 40 தௌ என்று பிஸ்டன் அளவுகளைக் கொடுத்து, அதிலும் சரிவராத போருக்கு லைனர், அதாவது ஸ்லீவ், போடச் சொல்லும். 60 தௌ பிஸ்டன் கடையில் கிடைக்கிறது என்பதே பிளாக் அதைத் தாங்கும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

அமெரிக்காவில் இந்த விஷயத்தை மிக அதிகமாகச் சோதித்துப் பார்த்தது ஷெவர்லேயின் சிறிய வி-8 எஞ்சினில். அதில் சிலிண்டர் மையத்திலிருந்து அடுத்த மையம் 4.4 அங்குலம், எல்லா அளவுகளுக்கும் ஒன்றுதான். 1955-இல் போர் 3.75 அங்குலம், 1957-இல் 3.875, 1962-இல் 4.00. நான்கு அங்குலப் போரில் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் மிஞ்சுவது 0.4 அங்குலம், இரண்டு சுவரும் நடுவில் கொஞ்சம் தண்ணீரும் அதற்குள் அடங்க வேண்டும். 1970-இல் 400 கன அங்குல எஞ்சினுக்காக 4.125-க்குப் போனபோது தண்ணீருக்கு இடமே இல்லை, சிலிண்டர்களை ஒட்டவைத்து வார்த்தார்கள். அங்கே தேங்கும் நீராவி வெளியேற பிளாக்கிலும் ஹெட்டிலும் தனித் துளைகள் போட வேண்டியிருந்தது. 350 கன அங்குலப் பிளாக்கில் சாதாரண ரீபோர் 30 தௌ, 40 வரை பெரும்பாலும் கவலையில்லை, 60 என்றால் அளந்து பார்த்துத்தான் என்பது அங்குள்ள மெஷினிஸ்டுகள் பொதுவாகச் சொல்வது. அங்கே மிகவும் தடித்த பிளாக் என்று பெயர் எடுத்த வார்ப்பிலும் அனுபவசாலிகள் அளக்காமல் 60 போக மாட்டார்கள்.

ஆலையே எல்லைக்குப் பக்கத்தில் போன கதைகள் இரண்டு எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று ரோவர் வி-8. ப்யூக் 1960-களின் தொடக்கத்தில் செய்த அலுமினிய எஞ்சினை வாங்கி ரோவர் வளர்த்தது. 3.5 லிட்டரில் போர் 88.9 மி.மீ. அதே சிலிண்டர் இடைவெளியில் 94 மி.மீ. ஆக்கி 3.9, 4.0, 4.6 லிட்டர் செய்தார்கள். அதில் இரும்பு லைனருக்குப் பின்னால் உள்ள அலுமினியம் மெலிந்துபோய், ரேஞ்ச் ரோவர்களில் லைனருக்குப் பின்னால் விரிசல் விட்டுத் தண்ணீர் காணாமல் போவது இன்றுவரை தெரிந்த நோய். இன்னொன்று டீசல். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஃபோர்டு பிக்கப்புகளுக்குக் கொடுத்த 6.9 லிட்டர் டீசலின் போர் 4.00 அங்குலம். 1988-இல் அதை 4.11 ஆக்கி 7.3 லிட்டர் செய்தார்கள். ஸ்ட்ரோக் மாறவில்லை. சுவர் மெலிந்த 7.3 எஞ்சினில், டீசலின் தட்டலுக்குச் சுவர் அதிர்ந்து, தண்ணீர்ப் பக்கத்தில் நுண்குமிழிகள் உண்டாகி உடைந்து, இரும்பை ஊசி குத்தினாற்போல் துளைத்துவிடும். கேவிடேஷன் என்பது இதுதான். கூலன்டில் அதற்கான ரசாயனத்தைச் சேர்த்துக்கொண்டே இருந்தால்தான் அந்த எஞ்சின் பிழைக்கும். அதனால் டீசல் பிளாக் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: பெட்ரோலுக்குச் சொன்ன 3 மி.மீ.யை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அழுத்தமும் அதிகம், அதிர்வும் அதிகம். கையேட்டில் கொடுத்திருக்கும் ஓவர்சைஸைத் தாண்டவே வேண்டாம். வெட் லைனர் எஞ்சின் (தண்ணீர் நேரடியாகத் தொடும் தனி லைனர் உள்ளது) என்றால் இந்தக் கேள்வியே எழாது, லைனரைக் கழற்றிப் புதிது போட வேண்டியதுதான்.

உங்கள் பிளாக்குக்கு வருவோம். சுவர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்தாகிவிட்டது. தேய்மானம் எவ்வளவு கேட்கிறது என்பது மறுபாதி. டயல் போர் கேஜில் (போரின் விட்டத்தை அளக்கும் கருவி) மேலே, ரிங் திரும்பும் இடத்துக்குக் கீழே, திரஸ்ட் திசையிலும் அதற்குக் குறுக்காகவும் அளந்து பாருங்கள். தேய்மானம் பெரும்பாலும் ஒரே பக்கம் விழுந்திருக்கும். 40 தௌவில் உங்கள் போர் 74.04 மி.மீ. மேலே 74.32 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 தௌ என்றால் 74.55, அதனால் தாராளமாகச் சுத்தமாகும் என்று தோன்றும். ஆனால் அந்த 0.28 முழுவதும் ஒரே பக்கத் தேய்மானம் என்றால், அந்தப் பக்கம் பழைய மையத்திலிருந்து 37.30 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. புதுப் போரின் ஆரம் 37.27 தான். டூல் அந்த இடத்தைத் தொடவே தொடாது, கறுப்புத் திட்டு மிஞ்சும்.

இங்கேதான் பட்டறையில் ஒரு குறுக்கு வழி நடக்கும். மெஷினின் மையத்தைத் தேய்ந்த மேல்பகுதியை வைத்துப் பிடித்துவிடுவார்கள். அப்போது புதுப் போர் தேய்ந்த பக்கமாக, அதாவது திரஸ்ட் பக்கமாக நகரும். திட்டு போய்விடும், வேலை சுத்தமாகத் தெரியும். ஆனால் எந்தச் சுவரைக் காப்பாற்ற வேண்டுமோ அந்தச் சுவரிலிருந்து கூடுதலாக இரும்பு போயிருக்கும், சிலிண்டரின் மையமும் கிராங்குக்கு நேராக இருக்காது. தேயாத அடிப்பகுதியை வைத்து மையம் பிடிக்கச் சொல்லுங்கள். கையில் தடிமன் அட்டவணை இருக்கும்போது, தேர்ந்த மெஷினிஸ்ட் மெலிந்த சுவரிலிருந்து ஓரிரு தௌ விலக்கி மையம் வைப்பதும் உண்டு. அது தெரிந்தே செய்வது, அதில் தவறில்லை.

மூன்று சிலிண்டர் 60-இல் சுத்தமாகி ஒன்று மட்டும் மெலிந்திருந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்லீவ் போட்டு அதையும் 60-க்கே முடிக்கலாம். நான்கும் ஒரே அளவில் இருக்கும், பிஸ்டன் எடையும் ஒன்றாக இருக்கும். நான்குமே மெலிந்திருந்தால் நான்குக்கும் ஸ்லீவ் போட்டு 73.025-க்கே திரும்புவது நல்லது. ஸ்லீவ் போடுவதை ஏதோ தோல்வி மாதிரி பார்க்க வேண்டாம், ஒழுங்காகப் போட்ட டிரை ஸ்லீவ் (தண்ணீரைத் தொடாத ஸ்லீவ்) பழைய சுவரைவிட நல்ல இரும்பு. ஆனால் ஸ்லீவுக்கு இடம் செய்யப் பழைய சுவரை இன்னும் அதிகமாகக் குடைய வேண்டும். துரு அரித்த பிளாக்கில் அப்போது ஜாக்கெட் திறந்துகொள்ள வாய்ப்பு உண்டு. எனவே அதற்கும் அதே 48 எண்கள் வேண்டும். அடியில் சிறு படி விட்டுக் குடையச் சொல்லுங்கள், ஸ்லீவ் கீழே இறங்காமல் அந்தப் படி பிடிக்கும். இறுக்கம், அதாவது குடைந்த ஓட்டையைவிட ஸ்லீவ் பெரிதாக இருக்கும் அளவு, இரண்டு மூன்று தௌ போதும். அதற்கு மேல் இறுக்கி அடித்தால் பக்கத்து சிலிண்டர் கோணலாகும். ஸ்லீவ் எல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் ஃபைனல் போரிங் செய்ய வேண்டும் என்பது அதனால்தான்.

பவர் கூடும் என்பதற்காகப் பெரிதாகப் போர் செய்யலாமா என்றும் இதையொட்டிப் பலர் கேட்பார்கள். 1489 எஞ்சின் 60 தௌவில் 1552 சி.சி. ஆகிறது, நான்கு சதவீதம். 40-இல் இருந்து 60-க்குப் போவதில் கிடைப்பது 21 சி.சி. ஸ்டாண்டர்ட் போரில் கம்ப்ரஷன் ரேஷியோ 7.2 என்றால், 60-இல் 7.5-க்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஓட்டும்போது இது காலுக்குத் தெரியாது. இருக்கும் இரும்பை இதற்காகச் செலவு செய்வது வீண். இன்று 20 தௌவில் சுத்தமாகும் பிளாக்கை 20-இல் நிறுத்தினால், அடுத்த ரீபோருக்கு இரும்பு மிச்சம் இருக்கும். அம்பாசடர் தயாரிப்பு 2014-இலேயே நின்றுவிட்டது, நல்ல பிளாக் இனி தேடித்தான் கிடைக்க வேண்டும்.

பைக் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. காற்றில் குளிரும் சிலிண்டரில் வாட்டர் ஜாக்கெட் கவலை இல்லை. பழைய புல்லட் 350-இல் (70 மி.மீ. போர்) கிராங்க் கேஸுக்குள் நுழையும் கீழ்ப்பகுதியின் சுவர்தான் மெல்லியது, அதைக் காலிப்பரிலேயே அளக்கலாம். ஆர்.எக்ஸ். 100-இல் கால் கால் மில்லிமீட்டராக ஒரு மி.மீ. வரை பிஸ்டன் வரும். டூ ஸ்ட்ரோக் என்பதால் போர் செய்தபின் போர்ட் (சுவரில் வாயு போய்வரும் துளை) விளிம்புகளைச் சாய்த்துத் தேய்க்காவிட்டால் ரிங் மாட்டி உடையும். கேடிஎம் 390 போல நிக்காசில் பூச்சுள்ள சிலிண்டரைப் போர் செய்யவே கூடாது. பூச்சு போனால் கீழே வெறும் அலுமினியம்தான்.

அளவெல்லாம் சரியாக வந்து 60-க்குப் போவது என்று முடிவானால், முதலில் பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுங்கள். பிஸ்டன் இல்லாமல் போர் செய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அதன் ஸ்கர்ட்டில் (ரிங்குகளுக்குக் கீழுள்ள பகுதி) அளந்து, அதற்கேற்ற இடைவெளியில் அந்தந்த சிலிண்டரை முடித்து நம்பர் போட வேண்டும். போரிங்கில் கடைசி 0.05 முதல் 0.08 மி.மீ. வரை ஹோனிங்குக்கு விட்டுவைக்க வேண்டும், டூல் கிழித்த மேல்பரப்பு அதில்தான் போகும். மெயின் பேரிங் கேப்புகளை முறுக்கிவிட்டு ஹோனிங் செய்யச் சொல்லுங்கள். ஹெட்டுக்குப் பதில் தடித்த தட்டு ஒன்றை போல்ட் போட்டு இறுக்கி ஹோன் செய்யும் வசதி இருக்கும் பட்டறை கிடைத்தால் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுங்கள். மெல்லிய சுவர் ஹெட் போல்ட் இறுக்கத்துக்கே வட்டம் மாறும் என்பதால், 60-இல் இருக்கும் பிளாக்குக்கு இது ஸ்டாண்டர்ட் பிளாக்கைவிட அதிகமாகத் தேவை.

ஹெட் கேஸ்கட்டைப் புதுப் போரின் மேல் வைத்துப் பாருங்கள், அதன் உலோக வளையம் போருக்குள் ஒரு இழைகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ரிங் இடைவெளி, போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 4 தௌ என்ற கணக்கில் இதற்கு 0.3 மி.மீ. வரும், ரிங் பெட்டியில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஹோனிங் முடிந்த போரை டீசலில் துடைத்துவிட்டு மாட்டுவது நம் ஊரில் வழக்கம். அது போதாது. ஹோனிங் கல்லின் துகள் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுப் பிரஷால் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் சாம்பல் நிறம் வராத வரைக்கும் கழுவி, உடனே ஆயில் தடவிவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பிளாக்கை ஜாக்கெட் அடைத்து மூன்று நான்கு பார் அழுத்தத்தில் தண்ணீர்ச் சோதனை செய்யச் சொல்லுங்கள். போரிங் முடிந்ததும் இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே கசியும் பிளாக்காக இருந்தால் அளப்பதற்கும் பிஸ்டனுக்கும் காசு செலவழிக்க வேண்டியதில்லை. இரண்டாவது சோதனையில் கசிவு தெரிந்தால், எஞ்சினைக் கட்டுவதற்கு முன்பே அந்த ஒரு சிலிண்டரை ஸ்லீவால் காப்பாற்றிக்கொள்ளலாம்.